பருத்திக் காட்டிலிருந்து வாக்குச் சாவடிக்கு: ஃபேனி லூ ஹேமர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு

உழவின் பெருமையைப் பாடாத நாடு உலகில் இல்லை. எனினும், மண்ணை உழுதவர் கையில் மண் இல்லாமலும், விளைவித்தவர் வீட்டில் விளைச்சல் தங்காமலும், ஊருக்கு உணவும் உடையும் அளித்தவர்க்கு ஊரை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமலும் இருந்த நாடுகள் பல. செல்வத்திலும் அறிவியலிலும் முன்னணியில் நின்ற அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலேயே 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை இந்நிலை நீடித்தது என்பது நம் மாணவருள் பலர் அறியாத செய்தியாகும். அந்நாட்டின் பருத்திக் காட்டில் ஆறு வயதில் இறங்கி, நாற்பத்து நான்கு வயது வரை பிறர் நிலத்தில் உழைத்து, அதன்பின் தம் மாவட்டத்து அரசியலில் புகுந்து, இறுதியில் மண்ணுக்கே திரும்பி ஏழைகளுக்கென ஒரு கூட்டுறவுப் பண்ணை கண்ட பெண்மணி ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரை கூறும். அவர்தாம் ஃபேனி லூ ஹேமர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1917ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்து மாண்ட்கோமரி மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் லீ டவுன்செண்டு. தாயார் லூ எல்லா. இவர்களுக்குப் பிறந்த இருபது மக்களுள் கடைக்குட்டி ஃபேனி லூ ஆவார். குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் மாவட்டத்திற்குக் குடிபெயர்ந்தது. மிசிசிப்பி ஆற்று வண்டல் படிந்த அக்கரிசல் பூமி பருத்திக்குப் பெயர்பெற்றது. நிலம் வெள்ளையர் கையிலும் உழைப்பு கறுப்பின மக்கள் கையிலும் இருந்தன.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயின், விடுதலை பெற்றவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. எனவே அவர்கள் பண்ணையாரின் நிலத்தையே வாரத்திற்கு உழுதனர். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. எஞ்சிய பாதியிலிருந்து விதைக்கும் உரத்திற்கும் பண்ணைக் கடையில் கடனாக வாங்கிய மாவுக்கும் துணிக்கும் வட்டியோடு கழிக்கப்படும். கணக்கை எழுதுபவர் பண்ணையார். அதைப் படித்துப் பார்க்க வாரக்குடிக்குக் கல்வியும் இல்லை, கேட்கத் துணிவும் இல்லை. ஆண்டின் இறுதியில் கணக்குத் தீர்க்கும்போது, உழைத்தவன் பெரும்பாலும் கடனாளியாகவே நிற்பான். நம் நாட்டில் வாரத்திற்கும் குத்தகைக்கும் உழுது வந்த குடும்பங்களுக்கு இம்முறையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஃபேனி லூவிற்கு ஆறு வயதானபோது, சாலையோரம் விளையாடிக் கொண்டிருந்த சிறுமியைப் பண்ணையார் கண்டார். ஒரு வாரத்தில் முப்பது இராத்தல் பருத்தி எடுத்தால் தம் கடையில் விருப்பமான தின்பண்டங்களை வாங்கிக் கொள்ளலாம் என்று ஆசை காட்டினார். குழந்தை எடுத்தது, தின்பண்டமும் கிடைத்தது. அடுத்த வாரமே அறுபது இராத்தல் எடுக்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கிய உழைப்பு பின்னர் ஓயவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சற்று ஊனமுற்றிருந்தும், பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு இருநூறு முதல் முந்நூறு இராத்தல் வரை எடுக்கும் திறமை பெற்றார்.

அவ்வூர்ப் பள்ளி, பருத்தியின் போக்கிற்கு ஏற்பவே நடைபெற்றது. விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் முடிந்த பின்னர், குளிர்காலத்து நான்கு திங்கள் மட்டுமே கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி உண்டு. அக்குளிரில் போர்த்த உடையும் காலணியும் இல்லாதவர்க்கு அதுவும் இல்லை. சிறுமி படிப்பில் ஆர்வம் மிக்கவர்; எழுத்துக்கூட்டும் போட்டிகளில் சிறந்து விளங்கியவர். எனினும் ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதன்பின் அவர் பயின்றதெல்லாம் திருச்சபையில் விவிலியத்தின் வாயிலாகவே.

தந்தையார் ஒருமுறை தலைநிமிர முயன்றார். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, தனியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கோவேறு கழுதைகளும் பசுவும் உழவுக் கருவிகளும் வாங்கினார். வாரக்குடி ஒருவன் சொந்தக் காலில் நிற்பதைப் பொறாத வெள்ளையன் ஒருவன், இரவில் அவ்விலங்குகளின் தீவனத்தில் பூச்சிகொல்லி நஞ்சைக் கலந்துவிட்டான். விலங்குகள் அனைத்தும் மாண்டன. குடும்பம் மீண்டும் வாரக்குடியாயிற்று. உழைப்பாலும் சிக்கனத்தாலும் மட்டும் ஒரு குடும்பம் உயர்ந்துவிட முடியாது. சட்டமும் காவலும் தமக்குத் துணையில்லாத இடத்தில் சேர்த்த பொருள் நிலைக்காது என்பதை அச்சிறுமி அப்போதே கண்டுகொண்டார்.

பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள்

1944ஆம் ஆண்டில் பெரி ஹேமர் என்னும் டிராக்டர் ஓட்டுநரை மணந்து, ரூல்வில் ஊரையடுத்த ஒரு பண்ணையில் குடியேறினார். அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அறிந்த பண்ணையார், அவரைக் கணக்காளாக அமர்த்தினார். யார் எத்தனை மணி நேரம் உழைத்தனர், யார் எவ்வளவு பருத்தி எடுத்தனர் என்று எழுதுவது அவர் வேலை. பருத்தி நிறுக்கும் தூக்குக்கோலில் எடைக்குண்டை மாற்றி, எடுத்ததைக் குறைத்துக் காட்டுவது அக்காலத்துப் பண்ணைகளில் வழக்கம். அம்மையார் சரியான எடைக்குண்டு ஒன்றைத் தம்மோடு கொண்டு சென்று, பண்ணையார் அப்பால் சென்ற வேளையில் அதை மாட்டி, உழைத்தவர்க்கு உரிய எடையை எழுதினார். அரசியல் என்னும் சொல்லை அறியுமுன்னரே அவர் செய்த அரசியல் இது எனலாம்.

1961ஆம் ஆண்டில் வயிற்றுக் கட்டியை நீக்குவதற்காக மருத்துவமனைக்குச் சென்றவருக்கு, அவர் அறியாமலே கருப்பையையும் அகற்றிவிட்டனர். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இத்தகைய கொடுமை நேர்வது அங்கே அரிதன்று. எந்த நீதிமன்றத்திற்கும் செல்ல வழியில்லாத அவர், அதை நெஞ்சில் தாங்கிக் கொண்டார். முன்னரே இரு பெண் குழந்தைகளைத் தம் மக்களாக ஏற்று வளர்த்து வந்தார்.

எழுத்தறிவுத் தேர்வு

1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ரூல்வில் திருச்சபை ஒன்றில் ஒரு கூட்டம் நடந்தது. மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் அங்கு வந்து, கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று விளக்கினர். 1870ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்புத் திருத்தத்தால் அவ்வுரிமை வழங்கப்பட்டிருந்தது. ஆனால் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தம் நாற்பத்து நான்காம் வயதில், அம்மையார் முதன்முறையாக அதைக் கேள்வியுற்றார். பெயரைப் பதிவு செய்ய யார் வருவீர் என்று கேட்டபோது கை உயர்த்தியவருள் அவரும் ஒருவர்.

மிசிசிப்பி அரசு அவ்வுரிமையை வெளிப்படையாக மறுக்கவில்லை. எழுத்தைக் கொண்டே மறுத்தது. பதிவு செய்ய வருவோர், மாநில அரசியலமைப்பின் 280க்கு மேற்பட்ட பிரிவுகளுள் பதிவாளர் காட்டும் ஒன்றைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் எழுதுதல் வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் அப்பதிவாளரே. வெள்ளையர்க்கு எளிய பிரிவு. கறுப்பினத்தவர்க்குக் கடினமான பிரிவு. மேலும், பணியிடத்தையும் முகவரியையும் படிவத்தில் எழுத வேண்டும். விண்ணப்பித்தவர் பெயர் செய்தித்தாளில் வெளியாகும். பண்ணையாருக்குச் செய்தி எட்ட வேறு தூதுவர் வேண்டுமோ?

ஆகஸ்டு 31ஆம் நாள், பருத்தி எடுக்க ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய பேருந்து ஒன்றில் பதினெட்டுப் பேர் மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவிற்குச் சென்றனர். அம்மையாருக்கு 16ஆம் பிரிவு தரப்பட்டது. சட்ட நுணுக்கம் பேசும் அப்பிரிவைப் பார்த்து எழுதினார்; விளக்க இயலவில்லை. திரும்பும் வழியில் காவலர் பேருந்தை மறித்து, அதன் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தின் நிறத்தை மிகவும் ஒத்திருப்பதாகக் குற்றம் சாட்டி ஓட்டுநருக்குத் தண்டம் விதித்தனர். நூறு டாலரில் தொடங்கிய தண்டம் முப்பது டாலராகக் குறைக்கப்பட்டது. ஏழைகள் தம் கையிலிருந்ததைக் கூட்டிக் கட்டினர். அச்சம் சூழ்ந்த அப்பேருந்தில் அம்மையார் திருச்சபைப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். மற்றவரும் உடன் பாடினர். அவரைத் தலைவர் எனப் பிறர் கண்டுகொண்டது அப்பொழுதே.

பண்ணைக்குத் திரும்புமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார் பண்ணையார். தாம் விண்ணப்பித்தது தமக்காகவே அன்றி அவருக்காக அன்று என்று அம்மையார் விடை கூறினார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த இடத்தைவிட்டு அவ்விரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. சில நாட்களில், செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டின்மீது பதினாறு முறை துப்பாக்கியால் சுட்டனர். நல்வினைப் பயனாக அன்றிரவு அவர் அங்கு இல்லை.

அம்மையார் மனம் தளரவில்லை. தேறும்வரை மீண்டும் மீண்டும் வருவதாகப் பதிவாளரிடமே கூறி, அரசியலமைப்பை இளைஞர் துணையோடு படித்தார். 1963ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அவர் தேர்ச்சி உறுதியாயிற்று. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றபோது, ஈராண்டு வாக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பதிவே செய்ய விடாதவரிடம் முந்தைய ஆண்டு வரிச்சீட்டைக் கேட்பது எத்தகைய நீதி என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சிறையும் மாநாடும்

1963ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், குடிமைப் பயிற்சி முகாம் ஒன்றில் கலந்துகொண்டு திரும்பிய அம்மையாரும் தோழர்களும் வினோனா என்னும் ஊரில் கைது செய்யப்பட்டனர். காவலர் தாமே அடித்ததோடு அமையாது, சிறையிலிருந்த கறுப்பினக் கைதிகள் இருவரைக் கொண்டு அம்மையாரை அடிக்கச் செய்தனர். ஒடுக்கப்பட்டவன் கையாலேயே ஒடுக்கப்பட்டவளை அடிக்கச் செய்த அக்கொடுமை அடியினும் பெரிது. சிறுநீரகமும் கண்ணும் கெட்டன. கால் ஊனம் மிகுந்தது. அவ்வடியின் துன்பம் இறுதிவரை நீங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்களை, வெள்ளையர் மட்டுமே அமைந்த நடுவர் குழு விடுதலை செய்தது.

1964ஆம் ஆண்டில், வெள்ளையர் மட்டுமே இருந்த மாநில சனநாயகக் கட்சிக்கு மாற்றாக மிசிசிப்பி விடுதலை சனநாயகக் கட்சி தோன்றியது. அதன் துணைத் தலைவர்களுள் அம்மையாரும் ஒருவர். அவ்வாண்டே நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்குக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் ஜேமி விட்டன். நாட்டின் வேளாண்மைக்கான நிதி ஒதுக்கும் நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர். உழவுக்குப் பணம் வழங்கும் அதிகாரத்தை எதிர்த்து, உழுதவர் ஒருவர் நின்றார். தோல்வி எதிர்பார்த்ததே. ஆயின், கறுப்பினப் பெண்ணொருத்தி வேட்பாளராக நின்றதைக் கண்ட மக்கள், அதனை மறக்கவில்லை.

ஆகஸ்டு 22ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய கட்சி மாநாட்டின் தகுதிக் குழுமுன் அவர் தம் வாழ்வில் நேர்ந்தவற்றை எடுத்துரைத்தார். தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாகும்போதே, குடியரசுத் தலைவர் ஜான்சன் திடீரெனச் செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டிக் கவனத்தைத் திருப்பினார். ஆனால் அன்றிரவே தொலைக்காட்சி நிலையங்கள் அவர் பேச்சை மீண்டும் ஒளிபரப்பின. நாடு முழுவதும் கேட்டது. அறுபதுக்கு மேற்பட்ட பேராளர்க்கு இரண்டே இடங்கள் தருவதாகக் கட்சித் தலைமை பேரம் பேசியது. படித்த பெருந்தலைவர் சிலரும் ஏற்றுக்கொள்ளுமாறு அறிவுரை கூறினர். அம்மையாரும் தோழரும் மறுத்துவிட்டனர். 1968ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாட்டில் அவர் முறையான பேராளராக நுழைந்தபோது அவையோர் எழுந்து நின்று வரவேற்றனர்.

உள்ளூர் அரசியலும் நிலமும்

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. எழுத்தறிவுத் தேர்வு அகன்றது. அச்சட்டத்திற்கு முன் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவு செய்திருக்கவில்லை. 1967இல் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் பதிவு செய்தனர். சன்ஃபிளவர் மாவட்டத்து வாக்குப்பதிவு அநீதியை எதிர்த்து அம்மையார் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில், 1966ஆம் ஆண்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சன்ஃபிளவர் ஊர்த் தேர்தலைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1967ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் மறுதேர்தல் நடந்தது. கறுப்பின வேட்பாளர் அனைவரும் தோற்றனர்.

உரிமை கிடைத்த பின்னரும் தோல்வி ஏன்? அம்மையார் கண்ட காரணம் எளிது. வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருந்தவன் குடியிருந்த வீடு பண்ணையாருடையது. உண்ட உணவு பண்ணைக் கடைக் கடன். அருகிலிருந்த ஹோம்ஸ் மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டுகளின் அரசுத் திட்டத்தால் சொந்த நிலம் பெற்றிருந்த கறுப்பின உழவர்களே 1963இல் முதலில் பதிவு செய்ய முன்வந்தனர். அம்மாவட்டத்திலிருந்துதான் 1967இல் ஆசிரியரான ராபர்ட் கிளார்க், அந்நூற்றாண்டின் முதல் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினராக மிசிசிப்பியில் தேர்வு பெற்றார். வாக்களிப்பவனுக்குக் காலூன்ற ஒரு காணி நிலமாவது இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. பருத்தி எடுக்கும் எந்திரமும் களைக்கொல்லி மருந்தும் வந்தன. 1967இல் பண்ணையாட்களுக்குக் குறைந்த அளவுக் கூலி மணிக்கு ஒரு டாலர் எனச் சட்டம் வந்ததும், பண்ணையார்கள் ஆட்களை நீக்கினர். நிலத்தைத் தரிசாக விடுவதற்கு அரசு பண்ணையார்களுக்குப் பணம் தந்தது. அதே மாவட்டத்துப் பெரும் பண்ணையாரான செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பண்ணைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் மானியம் கிடைத்தது. வேலையிழந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன.

எனவே 1969இல் அம்மையார் நன்கொடை திரட்டி நாற்பது ஏக்கர் நிலம் வாங்கி, விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு என்னும் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. ஒரு பகுதியில் மொச்சை, பட்டாணி, வெண்டை, கீரை, சர்க்கரைவள்ளி முதலியன பயிராயின. உழைத்த ஏழைகள் தமக்கு வேண்டியதை எடுத்துச் சென்றனர். மறுபகுதியில் நிலக்கடன் அடைக்கப் பருத்தியும் சோயாவும் விளைந்தன. கறுப்பினப் பெண்கள் தேசிய அவையின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றும் நடந்தது. சினைப் பன்றி ஒன்று குடும்பத்திற்குக் கடனாகத் தரப்படும். ஈன்ற குட்டிகளுள் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தந்து, மற்றவற்றைக் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். வட்டியில்லாத இக்கடன் குட்டி போட்டுப் பெருகியது. பல நூறு குடும்பங்கள் பயனடைந்தன. வீடு கட்டவும் பண்ணை உதவியது.

கல்வியிலும் அவர் நாட்டம் குன்றவில்லை. 1970இல் மாவட்டப் பள்ளிகளில் நிறவேறுபாட்டை ஒழிக்க வழக்குத் தொடுத்தார்; பள்ளிகள் இணையும்போது கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்தினார். 1971இல் மாநில மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

மறைவும் மதிப்பீடும்

பண்ணை நீடிக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன, நன்கொடை குறைந்தது, நிலக்கடன் நெருக்கியது. நிலத்திற்கென வந்த பணத்தில் ஒரு பகுதி பசித்தவர்க்கே செலவாயிற்று. அம்மையாரின் உடல்நலமும் குன்றியது. 1976ஆம் ஆண்டளவில் நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், முன்னாள் அடிமைகள் 1887இல் தாமே அமைத்த மவுண்ட் பேயூ என்னும் ஊரின் மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோயால் அம்மையார் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. உடல் ரூல்வில்லில், அவர் உருவாக்கிய பண்ணை நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

2006இல் நீட்டிக்கப்பட்ட வாக்குரிமைச் சட்டம் வேறு இரு பெண்மணிகளின் பெயரோடு அவர் பெயரையும் தாங்கியது. 2012இல் ரூல்வில்லில் சிலை எழுந்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் நாட்டின் உயரிய குடிமை விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆயின் அவ்வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான பாதுகாப்பு ஒன்றை 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது என்பதையும் கூறுதல் வேண்டும். பெற்ற உரிமையைக் காவல் காக்க வேண்டியிருப்பது எந்நாட்டிற்கும் பொது.

அம்மையார் தேர்தலில் வென்று அரசுப் பதவி எதனையும் ஏற்றவர் அல்லர். அவர் கண்ட பண்ணையும் அவர் காலத்திலேயே கைநழுவியது. அவ்வாறாயின் அவர் வாழ்வின் பயன் யாது? எழுத்தைக் காட்டி மறுத்தவரிடம் எழுத்தைக் கற்றே சென்று உரிமையைப் பெற்றார். உரிமை பெற்ற பின்னர், பசித்த வயிற்றோடு அதைக் காக்க இயலாது என உணர்ந்து நிலத்தைத் தேடினார். கல்வி, வாக்கு, நிலம் ஆகிய மூன்றும் தனித்தனியே நில்லா. ஒன்று சாய்ந்தால் மற்றவையும் சாயும் என்பதைத் தம் வாழ்வைக்கொண்டே காட்டினார். ஆண்டுக்கு நான்கு திங்கள் மட்டுமே பள்ளி கண்ட ஒருவர் இத்தனையும் செய்தார் எனின், ஆண்டு முழுவதும் பள்ளியில் அமரும் வாய்ப்புப் பெற்ற நம் பிள்ளைகள் அதனை ஒரு நாளும் வீணாக்கலாகாது. வாய்ப்புக் கிட்டாமல் வயலில் நிற்கும் பிள்ளை ஒன்று இன்னும் இருக்குமாயின், அதைப் பள்ளிக்கு அழைத்து வருவது கற்றவர் கடமையாகும்.